ஆம்பூரில் பத்தியம் இருந்தவனை வேலூருக்கு இழுத்துப் போன கதை

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம், ஒரு புதன்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போனேன். போன வாரம் கொடுத்த இரத்தத்தின் முடிவை வாங்க வேண்டும். முடிவு நல்லபடியாக இருந்தால் அங்கிருந்து ஆம்பூர் போய் வயிறு முட்ட பிரியாணி சாப்பிடுவது, மோசமாக இருந்தாலும் போய்ச் சாப்பிடுவது. திட்டம் அவ்வளவுதான். அது எப்படி மூன்று நாள் அலைச்சலாக மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என்னைப் போல மாத்திரை டப்பாவோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதில் உபயோகமான விஷயம் கொஞ்சம் உண்டு.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி.யோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். கூடவே ஈரலில் ஹெபடைடிஸ் சி என்று இன்னொரு வைரஸும் வாடகை தராமல் தங்கியிருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுப்பதில்லை.

காலை ஆறு பத்துக்குப் பேருந்து. போளூர், கண்ணமங்கலம் வழியாக எண்பத்திரண்டு கிலோமீட்டர், அறுபத்திரண்டு ரூபாய், இரண்டேகால் மணி நேரம். வலது பக்க ஜன்னலோரத்தில் உட்காராதீர்கள், கண்ணமங்கலம் தாண்டியும் வெயில் முகத்திலேயே அடித்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். லாட்ஜ் போர்டு, மருந்துக்கடை போர்டு எல்லாம் மூன்று மொழியில் இருக்கும். காலை எட்டரைக்கே கடுகு எண்ணெயில் மீன் பொரியும் வாசனை வரும். நான் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன், மதியத்துக்கு வயிற்றில் இடம் வேண்டுமே.

பத்து மணிக்கு முடிவு கைக்கு வந்தது. சி வைரஸ் இல்லை. பன்னிரண்டு வாரம் மாத்திரை, முடித்த பின் இன்னும் பன்னிரண்டு வாரம் காத்திருப்பு, அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனை இது. இதில் இல்லை என்று வந்தால் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத வங்காளத்து அம்மாவிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இருந்தும் என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று கேட்கலாம். எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முக்கி முனகித்தான் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வைரஸும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் கெடும், உடம்பு தேறுவதும் தாமதமாகும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். நாம் விழுங்கும் மாத்திரைகளைச் சமாளிப்பதில் பெரும் பங்கு ஈரலுக்கு. அந்த ஈரலே நோயில் கிடந்தால் எப்படி? என்னுடைய இரண்டு நோய்க்கும் உள்ள மாத்திரைகள் ஒன்றோடொன்று சண்டை போடாதா என்று பார்த்த பிறகுதான் சி-க்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். அரசாங்கத் திட்டத்தில் மாத்திரை இலவசம். ஆக, ஒரு குடித்தனக்காரரைக் காலி செய்தாயிற்று. இதைக் கொண்டாட வேண்டாமா?

வேலூர் புது பேருந்து நிலையத்திலிருந்து ஆம்பூருக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். பள்ளிகொண்டா தாண்டினால் பாலாறு மணலாக வலது பக்கம் கூடவே வரும். ஆம்பூர் வந்துவிட்டது என்பதை மூக்கே சொல்லும். முதலில் தோல் பதனிடும் நெடி, அடுத்த வளைவில் விறகடுப்பில் தம் போட்ட பிரியாணி. இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு பசிக்கிறது என்று சொல்ல ஆம்பூர்க்காரர்களால்தான் முடியும். எனக்கும் பழகிவிட்டது.

ஆம்பூரில் என் நண்பன் பிரகாஷ் இருக்கிறான். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. அக்கா சரளா, அவள் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், இவர்களோடு இருக்கிறான். சரளாவும் ஷூ கம்பெனிதான், ஸ்டிச்சிங். பிரகாஷை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூடும் கூட்டம் ஒன்றில் பழக்கம். அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது சரளாவுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை நான் ஏதோ பயிற்சி வகுப்பில் அறிமுகமான திருவண்ணாமலை அக்கா.

மதியம் ஒரு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய், "கிளம்புடா, இன்னிக்கு என் செலவு!" என்று சத்தம் போட்டேன். வெளியே வந்தவனைப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள். முகம் ஒடுங்கி, கால்சட்டை இடுப்பில் நிற்காமல், நாலைந்து கிலோ குறைந்திருந்தான்.

"பிரியாணியா? பேரைக்கூட சொல்லாதீங்கக்கா. அவன் பத்தியத்துல இருக்கான்" என்றாள் உள்ளேயிருந்து சரளா. அன்று அவளும் லீவு. உப்பில்லாத மோர்சாதத்தைத் தட்டில் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் தம் உடைக்கும் வாசனை ஜன்னல் வழியாக நேராக அந்தத் தட்டின் மேல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பத்தியம் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். ஆடி பிறப்பதற்கு முன் பிரகாஷுக்கு ஓவர்டைம் ஜாஸ்தி. களைத்துப்போய் வந்து படுத்தான், சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று சொல்லித் தொலைத்தான். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் யாருக்கும் அப்படித்தான் போகும். ஆனால் சரளா அதைக் காமாலை என்று முடிவு கட்டிவிட்டாள். எங்கள் பக்கங்களில் காமாலை என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. பச்சிலைதான். ஆலங்காயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விடியற்காலை வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் மூலிகையை அரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு மண்டலம் பத்தியம். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, கறி கூடாது. அதோடு இங்கிலீஷ் மாத்திரை எதுவும் வாயில் படக்கூடாது என்றாள் சரளா.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. பிரகாஷைப் பார்த்தேன். அவன் மோர்சாதத்தைப் பார்த்தான்.

"மண்டலம் முடிஞ்சும் கண்ணு மஞ்சளா இருக்குதே, சரளா?"

"முன்னாடி கண்ணு வெள்ளையாத்தான்க்கா இருந்துச்சு. மருந்து குடிச்சு மண்டலம் முடியற நேரத்துலதான் மஞ்சளாச்சு. உள்ள பதுங்கிக் கெடந்த காமாலையை மருந்து வெளிய இழுக்குது. இன்னும் அரை மண்டலம் குடுத்தா சுத்தமா எறங்கிடும். நாளைக்கு வெடிகாலம் ஆலங்காயம் போறோம்."

அவள் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை. தம்பிக்காக உப்பில்லாத சாதத்தைத் தானும் சேர்ந்து சாப்பிடுகிறவள் அவள். பிள்ளைகளுக்கு இனிப்பு, மக்கன் பேடா வாங்கி வருகிறோம் என்று பிரகாஷைக் கிளப்பிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

"மாத்திரையை நிறுத்திட்டியா?"

"நிறுத்தல. அக்கா எடுத்து பீரோல வெச்சுப் பூட்டிடுச்சு. நரம்புத் தளர்ச்சி மாத்திரைன்னுதானே சொல்லி வெச்சிருந்தேன். அதை ஒரு மண்டலம் உடுறதுக்கு இன்னா பேஜார்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மாத்திரை குடுக்கற சென்டர்ல யாரும் கேக்கலையா?"

"மூணு மாசத்து மாத்திரை ஒண்ணா வாங்கியாச்சு. இனிமேதான் போகணும். அதான் ரத்தத்துல வைரஸ் தெரியலைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சேக்கா. கொஞ்ச நாள் உட்டா இன்னா ஆயிடும்னு நானும் நெனச்சிட்டேன்."

நடுத்தெருவில் நின்று அவனைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பழக்கடைக்காரர் ஒருவர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டார்.

பிரகாஷுக்கும் இரண்டு வைரஸ். எனக்கு சி, அவனுக்கு ஹெபடைடிஸ் பி. வைத்தியம் ஆரம்பித்த நாளிலேயே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் எச்.ஐ.வி. என்ற பெரிய பெயருக்குப் பக்கத்தில் பி என்ற ஒற்றை எழுத்தை அவன் மறந்தே போனான். எங்களில் பலரும் இப்படித்தான். சி-யைப் போல பி-யைப் பொதுவாகத் துரத்த முடியாது, அமுக்கி வைக்கத்தான் முடியும். அவன் தினமும் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற இரண்டு மருந்துகள் எச்.ஐ.வி.யை அடக்குவதோடு பி-யையும் அடக்குகின்றன. அதைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களில் பி எழுந்து ஈரலைத் தாக்கலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. இல்லாத காமாலைக்குப் பத்தியம் இருக்கப் போய், அந்தப் பத்தியத்தால் நிஜக் காமாலை வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நாளைக்கு ஆலங்காயம் போனால் இன்னும் அரை மண்டலம் மாத்திரை இல்லாமல் கழியும்.

"அக்காகிட்ட சொல்லிடு" என்றேன்.

"எச்.ஐ.வி.ன்னா? செத்தாலும் சொல்ல மாட்டேன். பொண்ணுங்க இருக்கற வீடு."

"சரி, அதைச் சொல்லாதே. பி-யைச் சொல்லு. அதுவும் உன்னுதுதானே, அதுவும் நெசந்தானே? அந்த மாத்திரை ஈரல் மாத்திரைதான். நரம்பு மாத்திரைன்னு நீ சொன்னதுதான் பொய்."

அவன் பேடாக் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். "இந்தச் சனியன் இப்படி உதவும்னு நெனைக்கவே இல்லைக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். ஈரலில் ஒரு வைரஸ் இருப்பது, அதை அமுக்கி வைக்க அந்த மாத்திரை, பயப்படுவாள் என்று சொல்லாமல் விட்டது. சரளா கேட்டுக்கொண்டே வந்தவள், "அப்ப அதை நிறுத்துனது நானா?" என்று கேட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். ஆனால் லேசில் மசிகிற ஆள் இல்லை அவள். காமாலை வெளியே வருவது நல்லதுக்குத்தானே, பாதியில் நிறுத்தினால் தங்கிவிடாதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். நான் என் பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். "எனக்கும் ஈரல்ல வைரஸ் இருந்துச்சு. மாத்திரையிலதான் போச்சு. காலையில வாங்கின தாளு, பாரு. நாளைக்கு வேலூர்ல ரத்தம் பார்க்கலாம். டாக்டர் சரின்னு சொன்னா மறுநாளே ஆலங்காயத்துக்கு நானும் வர்றேன்" என்றேன். கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. எழுந்து போய் பீரோவைத் திறந்து மாத்திரை டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். கேட்காமல் நிறுத்திய கூத்து போதும், கேட்காமல் ஆரம்பிக்கவும் வேண்டாம், காலையில் டாக்டரிடமே போய்விடலாம் என்றேன்.

அன்று இராத்திரி நானும் அங்கேயே தங்கி மோர்சாதம்தான் சாப்பிட்டேன். ஆம்பூருக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடாமல் தூங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கு வேலூர் பேருந்து. மாதனூர் வந்ததும் சரளா, "ஜாஸ்தி ஆயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

டாக்டர் ஓர் இளம்பெண். முதலில் பிரகாஷிடம் மட்டும் தனியாக இருபது நிமிஷம் பேசினார். வீட்டாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவனிடமே கேட்டுக்கொண்டார். இரத்தம் எடுத்து, அதன் முடிவு வந்த பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"உங்க தம்பி ஈரல்ல இருக்கற வைரஸை இந்த மாத்திரைதான்மா அமுக்கிப் புடிச்சிருந்துச்சு. கையை எடுத்ததும் எழுந்துடுச்சு. இரத்தம் உறையறதுல பிரச்சனை இல்லை, அதனால நேரத்துக்கு வந்துட்டீங்கன்னுதான் சொல்வேன். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா என்னால இப்படிப் பேசியிருக்க முடியாது."

"காமாலைக்குப் பச்சிலை நல்லதுன்னுதான் மேடம்..." என்று சரளா ஆரம்பித்தாள்.

"பச்சிலை குடுத்தவங்களுக்கு இவருக்கு என்ன இருக்குன்னு தெரியாது. உங்களுக்கும் தெரியாது. யாரையும் திட்டறதுக்கு இப்ப நேரம் இல்லை. அந்த மருந்து இனி வேண்டாம். இந்த மாத்திரையை இவர் ஒரு நாளும் விடாம பார்த்துக்கறது இனிமே உங்க டூட்டி."

டூட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் சரளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினி மணிக்குக் குடுக்கணும்?" என்றாள்.

அவனை வார்டில் சேர்த்து அன்றே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். நான் வெள்ளிக்கிழமை மாலை வரை இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். அதன் பிறகு தினமும் காலை சரளாவிடமிருந்து போன் வரும். "இன்னிக்குக் கம்மி", "இன்னிக்கு இன்னும் கம்மி" என்று காமாலை அளவைச் சொல்வாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க நான் கடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து வக்கீல்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வேலூருக்குப் பரிசோதனைக்குப் போனால் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். லாட்ஜ் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வாசலில் தேடாமல் இரண்டு தெரு தள்ளித் தேடுங்கள், பாதி வாடகைதான். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்களுக்கு பி, சி இரண்டும் பார்த்தாயிற்றா என்று சென்டரில் ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள். சி இருந்தால் பெரும்பாலும் குணமாக்கலாம், தள்ளிப் போடாதீர்கள். பி இருந்தால் மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ டாக்டருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. வேறு ஊரில் வேறு டாக்டர் மாத்திரையை மாற்றினாலும் எனக்கு பி இருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு பி-க்குத் தடுப்பூசி உண்டு. சரளா வீட்டில் பரிசோதித்துப் பார்த்து நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள், சின்னவள்தான் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரியையே இரண்டாக்கினாளாம். பச்சிலை, லேகியம், சூரணம் எதுவானாலும் சாப்பிடும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். ஆம்பூர் பிரியாணிக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் கத்தரிக்காய் தொக்கு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

ஐப்பசியில் மறுபடி ஆம்பூர் போனேன். கண் வெளுத்து, கன்னம் பூசி, பிரகாஷ் வேலைக்கே திரும்பியிருந்தான். பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். எத்தனை தட்டு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாம். அன்றும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வரும் நேரம். சரளா சேலைக்கு மேல் கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேய், ஈரல் மாத்திரை!" என்று கத்தினாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. பிரகாஷ் கூடத்தின் நடுவில் நின்று மாத்திரையை வாயில் போட்டு, சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, இது ஈரலுக்கு மட்டும் இல்ல" என்றான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் சரளா வீட்டுக்காரர் வேலைக்கும் போயிருந்தார்கள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உட்காருங்கக்கா என்று பிரகாஷ் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சரளா அவன் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "உயிருக்கு?" என்றாள்.

"ஒழுங்கா போட்டா ஒண்ணும் ஆகாதுக்கா. ரெண்டுக்கும் இந்த ஒரு மாத்திரைதான்."

"ஒரே மாத்திரை ரெண்டு வேலை பாக்குதா? எங்க கம்பெனியா இருந்தா அதுக்கு ஓவர்டைம் குடுக்கணும்டா."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, கோட்டு முனையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெருமுனையில் கம்பெனி பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"இத்தினி வருஷமும் இதைத் தனியாவாடா தின்னே?" என்றாள்.

பிரகாஷ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பஸ் மூன்றாவது முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. சரளா எழுந்திருக்கவில்லை.